அக்காவுக்கும் எனக்கும் நடுவில் ஒருத்தி

கேள்வி: எனக்கு 37 வயது. ஊர் உசிலம்பட்டிப் பக்கம், வேலை கோவையில். நான்கு வருடமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓர் அம்மா, இரண்டு மகள்கள், ஒரு கிராமத்து வீடு. எங்கள் வீடுதான். மே மாதம் அக்கா வந்து தங்கியிருந்தபோது அறுபது பக்கம் படிக்கக் கொடுத்தேன். அவள் என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். படித்துவிட்டு, "எல்லாத்தையும் பொய்யா எழுதி வெச்சிருக்க" என்றாள். அப்புறம்தான் சொன்னாள். எங்கள் இருவருக்கும் நடுவில் 1985இல் ஒரு பெண் பிறந்திருக்கிறது. மூன்றாம் நாள் அப்பத்தா அதற்குக் கள்ளிப்பால் கொடுத்துவிட்டதாம். அக்காவுக்கு அப்போது ஆறு வயது. "யாரு கேட்டாலும் செத்துப் பொறந்துச்சுன்னு சொல்லணும்" என்று அம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அக்காவும் அப்படியே சொல்லியிருக்கிறாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து லேப்டாப்பைத் திறந்து அவள் சொன்னதை எல்லாம் எழுதி வைத்தேன். அவள் முழித்துக்கொண்டுதான் இருந்தாள் என்று நினைக்கிறேன். காலையில் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். இப்போது போன் செய்தால் "சாப்டியா" என்று கேட்பதோடு சரி. இன்னொன்று: என் நாவலில் வரும் அக்கா கைக்குழந்தைகளைத் தூக்கவே மாட்டாள். இதை நான் எழுதி இரண்டு வருடம் ஆகிறது. எப்படி எழுதினேன் என்று புரியவில்லை.

அம்மாவுக்கு 67 வயது, பிபி இருக்கிறது. அப்பாவும் அப்பத்தாவும் இல்லை. அம்மாவிடம் கேட்கலாமா? என்னை மட்டும் ஏன் விட்டார்கள்? இதை நாவலில் எழுதலாமா, எழுதினால் அம்மாமேல் கேஸ் வருமா? எழுதினால் அந்தக் குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது?

(என் பெயரைப் போட வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு நானும் கடைசியிலேயே வருகிறேன்.

மதுரையில் மனநல ஆலோசகராக உட்கார்ந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கள்ளிப்பால் கதை இந்த மேசைக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறது. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த வரி இல்லை. "அவள் முழித்துக்கொண்டுதான் இருந்தாள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி.

நாற்பது வருடம் வாயைத் திறக்காத ஒருத்தர் ஒரு ராத்திரி திறக்கிறார். சொல்லி முடித்துப் படுத்தபின், இருட்டில் தங்கச்சி தட்டச்சு செய்யும் சத்தம் கேட்கிறது. உங்களைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. எழுதுகிறவர்களுக்குக் கை தானாகப் போகும், தாங்க முடியாததைப் பிடித்துக்கொள்ள அவர்களுக்கு இருப்பது அது ஒன்றுதான். ஆனால் உங்கள் அக்காவின் பக்கத்திலிருந்து பாருங்கள். ஆறு வயதில் "சொல்லாதே" என்றார்கள். 46 வயதில் சொன்னார், சொன்னது குறிப்பாகிவிட்டது. உனக்கு அன்றைக்கு எப்படி இருந்தது என்று அப்போதும் யாரும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. முதல் பஸ்ஸுக்கு அவர் கிளம்பியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

"பொய்யா எழுதி வெச்சிருக்க" என்றாரே, அதை உங்கள் நாவலைப் பற்றிய விமர்சனமாக எடுத்துக்கொண்டீர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது. நான்கு வருட உழைப்பு, வலித்திருக்கும். எனக்கு அது வேறு மாதிரிக் கேட்கிறது. அறுபது பக்கத்தில் அவருடைய குழந்தைப் பருவம் முழுக்க இருக்கிறது, அந்த மூன்று நாள் மட்டும் இல்லை. தன்னைத் தவிர உலகத்தில் யாருக்கும் அந்தப் பிள்ளை பிறந்ததே தெரியாது என்பதை அவர் அச்சடித்த தாளில் பார்த்திருக்கிறார்.

ஆறு வயது இதற்குக் கொஞ்சம் மோசமான வயது. மூன்று வயதென்றால் சாவு என்னவென்றே விளங்கியிருக்காது. செத்தவர் திரும்பி வரமாட்டார் என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் பிடிபட்டுவிடுகிறது. ஆனால் தான் மனசுக்குள் நினைத்தது வெளியே நடந்துவிடும் என்ற பயம் அந்த வயதில் இன்னும் போயிருக்காது. ஆறு வருடம் ஒற்றைப் பிள்ளையாக அம்மா மடியில் கிடந்தவர் அவர். வயிறு பெரிதாகிக்கொண்டே வந்த அந்த மாதங்களில் "இந்தப் பாப்பா வேணாம்" என்று ஒரு தடவையாவது நினைக்காமல் இருந்திருப்பாரா? எல்லாப் பிள்ளைகளும் நினைப்பார்கள். மற்ற வீடுகளில் பாப்பா வளர வளர அந்த நினைப்பு கரைந்துபோகும். இவருக்கு அது பலித்துவிட்டது. "நான் வேணாம்னு நெனச்சேன், அதான் செத்துச்சு" என்று ஐம்பது அறுபது வயதுப் பெண்கள் என்னிடம் அழுதிருக்கிறார்கள். உங்கள் அக்காவுக்கும் அப்படித்தான் என்று சொல்ல எனக்கு வழியில்லை. கேட்டுப் பாருங்கள்.

இதற்கு மேல் அந்தப் பொய் வேறு. பக்கத்து வீட்டுக்காரி கேட்டிருப்பாள், டீச்சர் கேட்டிருப்பார், நர்ஸம்மா வந்து கேட்டிருப்பார். ஒவ்வொரு தடவையும் ஆறு வயதுப் பிள்ளை அம்மாவைக் காப்பாற்றியிருக்கிறது. பார்த்த சாட்சியாக மட்டும் இருந்திருந்தால் பாரம் பாதிதான். கூட்டு சேர்த்துவிட்டார்கள்.

துக்கப்படுவதற்கே அனுமதி கிடைக்காத துக்கம் என்று ஒன்றை 1989இல் கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதினார். நம்மூர்க்காரர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. மூன்று நாள் பிள்ளைக்கு ஒப்பாரி கிடையாது, கேதம் கேட்க யாரும் வரமாட்டார்கள், பதினாறாம் நாள் கிடையாது, சுவரில் படம் கிடையாது. உங்கள் அக்கா அழ வேண்டியிருந்த அழுகை இன்னும் அப்படியே இருக்கிறது.

ஆகவே முதலில் அக்கா. போனில் வேண்டாம், வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம். ஒரு சனி ஞாயிறு நேரில் போங்கள். எதிரெதிரே உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் நம் வீடுகளில் பேச்சு விசாரணையாக மாறிவிடும். முருங்கைக்கீரை உருவிக்கொண்டு, துணி மடித்துக்கொண்டு, கைக்கு ஒரு வேலையோடு பேசுங்கள். முகத்தைப் பார்க்காமல் சொல்ல அவருக்கு வசதியாக இருக்கும். என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள், ஆனால் ஒரு வாக்கியத்தை மட்டும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: "அன்னைக்கு நீ சொன்னப்ப நான் உன்னைய ஒண்ணுமே கேக்கலக்கா. எந்திரிச்சுப் போயி எழுதிட்டேன். தப்புதான்." அதற்கு அவர் "அதெல்லாம் ஒண்ணுமில்ல விடு" என்பார். நீங்களும் அன்றைக்கு விட்டுவிடுங்கள். ராத்திரியிலோ மறுநாளோ அவராக வருவார். வராவிட்டால் அடுத்த மாதம் திரும்பப் போங்கள். "ஏன் இத்தனை நாள் எங்கிட்ட சொல்லல" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சொல்லாதே என்றுதான் வளர்த்திருக்கிறார்கள்.

நாவலில் வரும் அக்கா கைக்குழந்தையைத் தூக்காததில் அதிசயம் ஒன்றுமில்லை. நீங்கள் அதைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது வயது மூத்த அக்கா இருக்கும் கிராமத்து வீட்டில் கடைசித் தங்கச்சி அக்கா இடுப்பிலேயே வளரும். உங்கள் வீட்டில் அப்படி நடந்ததா? அக்காவின் சொந்தப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி மருந்து ஊற்றியது யார்? வாயைக் கட்டிவைத்த வீட்டிலும் யார் எதைத் தொடமாட்டார்கள், எந்தப் பேச்சு வந்தால் யார் எழுந்து போவார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். காரணம் மட்டும் தெரியாது. (இந்த இடம் உங்கள் நாவலின் நல்ல இடம் என்று நினைக்கிறேன். அதற்கு விளக்கம் எழுதிக் கெடுத்துவிடாதீர்கள். இது என் தொழிலில் சேராத அபிப்பிராயம், மன்னிக்கவும்.)

என்னை மட்டும் ஏன் விட்டார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன்.

நீங்கள் பிறந்தது 1988இல். நடுவில் பிறந்தவள் 1985இல். இந்த மூன்று வருடத்துக்குள் உங்கள் ஊர்ப்பக்கம் நிறைய நடந்தது. 1986 ஜூனில் ஓர் ஆங்கில இதழ் உசிலம்பட்டிப் பெண் சிசுக்கொலையை அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டது. நாடு முழுக்கப் பேசினார்கள். பத்திரிகைக்காரர்களும் அதிகாரிகளும் தொண்டு நிறுவனத்தாரும் வர ஆரம்பித்தார்கள். வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுவிடலாம் என்ற தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததற்கு இது எல்லாம் முன்கதை. ஆனால் அது 1992இல் சேலத்தில்தான் தொடங்கியது. மதுரை மாவட்டத்துக்கு 2001இல்தான் வந்தது, உங்களுக்கு அப்போது 13 வயது. அதனால் உங்களைக் காப்பாற்றியது தொட்டில் இல்லை. போலீஸ் பயமாக இருக்கலாம். ஊர் பேசும் என்ற கூச்சமாக இருக்கலாம். உங்கள் அப்பா "இத விட்டுருங்க" என்றிருக்கலாம். அப்பத்தாவுக்கே முதல் தடவைக்குப் பிறகு கை வராமல் போயிருக்கலாம். உங்கள் அம்மா உங்களைக் கீழே விடாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். இந்தக் கடைசிக் காரணம் உங்களுக்குப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கிறது. அதனால்தான் எச்சரிக்கிறேன். நாவலுக்கு வசதியான காரணம் உண்மையான காரணமாக இருக்க வேண்டும் என்று இல்லை.

உங்களுக்குள் ஓடும் எண்ணம் எனக்குப் புரிகிறது: அவள் செத்ததால் நான் வாழ்கிறேன். பிழைத்தவர்களுக்கு வரும் குற்றவுணர்ச்சி இது. ரயில் விபத்தில் தப்பித்தவர்களுக்கும் வரும். இரண்டு பிரசவம், இரண்டு முடிவு, இரண்டையும் எடுத்தது பெரியவர்கள். நீங்கள் ஒன்றில் பிறக்கவேயில்லை, இன்னொன்றில் துணியில் சுற்றிக் கிடந்தீர்கள்.

அப்புறம் உங்கள் பெயர். போடவில்லை. ஆனால் படித்தவுடன் எனக்குப் புரிந்தது. "போதும்", "வேண்டாம்" என்று பெண் பிள்ளைக்குப் பெயர் வைக்கிற வழக்கத்தில் வந்த பெயர் அது. இத்தோடு போதும், அடுத்தது ஆணாகக் கொடு என்று சாமியிடம் வைக்கிற மனு. பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுக்கும்போது எவ்வளவு கூசியிருப்பீர்கள் என்று தெரியும், அந்தப் பெயருள்ள பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெயரில் எத்தனை கசப்பு இருந்தாலும், வீட்டில் வைத்துக்கொள்ளப்போகிற பிள்ளைக்குத்தான் பெயர் வைப்பார்கள்.

உங்கள் அம்மாவைப் பற்றி எழுதும் இடத்தில் கடிதத்தின் கையெழுத்தே மாறியிருக்கிறது. அம்மாவை என்ன என்று நினைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்க முடியவில்லை. ஒரு குழந்தையைக் கொன்றார்கள். இதை நான் வேறு வார்த்தையில் பூசி மெழுகமாட்டேன். யார் முடிவெடுத்தார்கள் என்பது வேறு கேள்வி. காதுகுத்தில் தொடங்கிச் சாகும்வரை பெண்ணைப் பெற்ற வீடு செய்ய வேண்டிய ஓயாத சீர், செய்முறை, கட்டிக்கொடுக்கும்போது இத்தனை பவுன் என்ற கணக்கு, இவை ஏறிக்கொண்டே போன காலம் அது. வைகை அணை 1959இல் வந்தபின் தண்ணீர் பாய்ந்த ஊர்களில் காசு புழங்கியது, மானாவாரி ஊர்கள் அப்படியே கிடந்தன, மாப்பிள்ளை விலை மட்டும் இரண்டு பக்கமும் ஏறியது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். கெட்ட பெயர் உசிலம்பட்டிக்கு மட்டும் நிலைத்துவிட்டது. 1991 மக்கள்தொகைக் கணக்கில், ஆறு வயதுக்குள் ஆயிரம் ஆண் பிள்ளைகளுக்கு 849 பெண் பிள்ளைகள் இருந்தது சேலம் மாவட்டத்தில்.

அந்தப் பவுன் கணக்கு போட்ட கூடத்தில் உங்கள் அம்மா இருந்திருக்கமாட்டார். 27 வயது, பிரசவித்து மூன்று நாள், உள் அறையில் பாயில் கிடந்திருப்பார். மறுத்திருக்கலாமா என்றால் மறுத்திருக்கலாம். மறுத்தவர்களும் உண்டு. சம்மதித்தாரா, தூங்கும்போது நடந்ததா, அவரே தூக்கிக் கொடுத்தாரா, உங்களுக்கும் எனக்கும் தெரியாது.

ஒன்று தெரியும். பிள்ளை போனது மார்புக்குத் தெரியாது. பிரசவமான இரண்டாம் மூன்றாம் நாளில்தான் பால் இறங்கிக் கட்டும். குடிக்க வாய் இல்லாவிட்டால் நெறி கட்டிக் காய்ச்சல் வரும். நம் பக்கத்தில் அதற்கு மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். பாட்டி வைத்தியம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் இதைப் பால் நிறுத்தும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, மார்பு வீக்கமும் பால் சுரப்பும் குறைவதில் பூவும் மாத்திரைக்குச் சமமாகவே இருந்தது என்று 1988இல் எழுதினார்கள். எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவர், தலையில் கனகாம்பரம் தவிர எதுவும் வைக்கமாட்டார். கல்யாண வீட்டில் பந்தலுக்குள் வராமல் வாசலோடு நிற்பார். மல்லிகை வாசம் தலைவலி என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எழுபது வயதில்தான் காரணம் சொன்னார், அதுவும் மகளிடம் சொல்லவில்லை, பேத்தியிடம் சொன்னார்.

உங்கள் அம்மாவிடம் கேட்கலாமா? கேட்கலாம், ஆனால் அக்கா சம்மதிக்க வேண்டும். ரகசியத்தைக் காப்பாற்றச் சொல்லி அம்மா வாக்கு வாங்கியது அக்காவிடம். நீங்கள் தனியாகப் போய்க் கேட்டால், சொன்னது யார் என்று ஒரு நொடியில் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அக்கா வேண்டாம் என்றால் கேட்காதீர்கள். சரி என்றால் இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். மற்ற சொந்தங்கள் இல்லாத நாளாக இருக்கட்டும், அம்மா மாத்திரை போட்டாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். "ஏன்" என்று தொடங்காதீர்கள். "அக்காவுக்கும் எனக்கும் நடுவுல ஒருத்தி பொறந்தாளாமே" என்பது போதும். "செத்துல்ல பொறந்துச்சு" என்று அவர் சொன்னால் அதோடு நிறுத்திவிடுங்கள். நாற்பது வருடம் சொல்லிச் சொல்லி அது அவருக்கு உண்மையாகவே ஆகியிருக்கலாம், அதை உடைத்துத்தான் ஆக வேண்டும் என்று உங்களுக்கு ஒரு கட்டாயமும் இல்லை.

அவர் பேசிவிட்டால் அன்று ராத்திரி தனியாகப் படுக்கவிடாதீர்கள். அதன் பிறகு சாப்பாடு குறைந்தால், தூக்கம் போனால், "நான் இருந்து என்னத்துக்கு" என்ற பேச்சு வந்தால் தள்ளிப்போட வேண்டாம். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. உங்களுக்கும் அக்காவுக்கும் கூட இதுதான் வழி.

நாவல் விஷயம். எழுதுவது ஆற்றுமா என்று 1986இல் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களை வைத்துப் பார்த்தார். நான்கு நாள், தினமும் பதினைந்து நிமிடம், தன் வாழ்க்கையின் மிக மோசமான சம்பவத்தை எழுத வேண்டும். நடந்ததையும் அதைப் பற்றி உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்களுக்கு அந்த நாட்களில் மனசு இன்னும் கனத்துத்தான் போனது. ஆனால் அடுத்த ஆறு மாதத்தில் அவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்தது. அந்தத் தாள்கள் வாசகர்களுக்காக எழுதப்பட்டவை இல்லை என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு நோட்டை நீங்களும் வைத்துக்கொள்ளலாம். நாவலைக் கொஞ்ச நாள் மூடிவையுங்கள். அந்த ராத்திரி எழுதிய குறிப்பை அக்காவிடம் காட்டுங்கள். வைத்துக்கொள்ளச் சொன்னால் வைத்துக்கொள்ளுங்கள், அழிக்கச் சொன்னால் அவர் கண் முன்னாலேயே அழியுங்கள்.

கேஸ் வருமா என்றால், நான் வக்கீல் இல்லை. கொலைக் குற்றத்துக்கு நம் சட்டத்தில் காலவரம்பு கிடையாது என்பது மட்டும் தெரியும், அதனால் உங்கள் பயத்தை வெறும் பயம் என்று தள்ளமாட்டேன். ஊர், வருடம், பிறந்த வரிசை எல்லாவற்றையும் மாற்றினாலும் புத்தக வெளியீட்டில் "இது எங்க வீட்ல நடந்தது" என்று நீங்களே சொல்லிவிட்டால் மாற்றியதற்கு அர்த்தமில்லை. பதிப்பகத்துக்கு அனுப்பும் முன் முழுப் பிரதியையும் ஒரு வக்கீலிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் என்ன சொன்னாலும், அம்மா இருக்கும்வரை இது அச்சுக்குப் போக வேண்டுமா என்ற கேள்வி மிச்சமிருக்கும். அதை உங்கள் அக்காவோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

அந்தக் குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். நீங்களாக எதுவும் வைக்காதீர்கள். அக்காவிடம் கேளுங்கள். பாப்பா பிறக்கப்போகிறது என்று தெரிந்ததிலிருந்து காத்திருந்த ஆறு வயதுப் பிள்ளை, அதை எப்படிக் கூப்பிடுவது என்று ஒரு பெயர் நினைத்துவைத்திருக்கும்.